கடற்கரையில் குப்பை பொறுக்கப் போகிறீர்களா? சாக்கு எங்கே போகும் என்று முதலில் பாருங்கள்

நாங்கள் முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடையாறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, 40 பேர், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன் வேறு. இரண்டு மணி நேரத்தில் 60 சாக்குக்கு மேல் நிரம்பிவிட்டது. அதையெல்லாம் ரோட்டோரம் அடுக்கி, முன்னால் நின்று போட்டோ எடுத்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். லாரி வரும் என்று யாரோ சொன்னதாக எல்லோருமே நம்பியிருந்தோம். யார் சொன்னது என்று பிறகு விசாரித்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வரை லாரி வரவில்லை. நாய் கிழித்தது, மாடு கிளறியது, மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொண்டது. அங்கே மீன் விற்கும் அக்கா ஒருவர் அடுத்த முறை எங்களைப் பார்த்ததும் கேட்டார்: "ஏன் தம்பி, மணல்ல பரவிக் கெடந்தத எங்க கடை முன்னாடி குமிச்சு வெக்கறதுக்கா அத்தினி பேர் வந்தீங்க?"

பதில் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கப்புறம் இந்த வேலையைத் தலைகீழாகத்தான் திட்டம் போடுகிறோம். சாக்கு கடைசியில் போய்ச் சேரும் இடம் எது என்பது முதல் கேள்வி, எத்தனை பேர் வருவார்கள் என்பது கடைசிக் கேள்வி. நீங்கள் உங்கள் ஊர்க் கடற்கரையில் ஆரம்பிப்பதாக இருந்தால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சென்னையை வைத்துச் சொல்கிறேன், கடலூருக்கோ தூத்துக்குடிக்கோ கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாக்கின் வழி

ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். போன் போட்டால் "சரி சார், பண்ணிடலாம்" என்பார்கள், அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஒரு பக்கக் கடிதம், அதில் தேதி, இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, தோராயமாக எத்தனை சாக்கு வரும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி எத்தனை மணிக்கு வரும், சாக்கை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அன்றைக்கு ஓட்டி வரப்போகிறவரின் போன் நம்பர். அதிகாரி நம்பர் ஞாயிற்றுக்கிழமை எடுக்காது, ஓட்டுநர் எடுப்பார். சென்னையில் மாநகராட்சியின் 1913-லும் ஒரு புகார் பதிந்து வைப்பது நல்லது, வண்டி வராவிட்டால் கையில் ஒரு எண்ணாவது இருக்கும்.

ஊராட்சிப் பகுதி என்றால் நிலைமை வேறு. அங்கே தூய்மைக் காவலர்களிடம் இருப்பது பெரும்பாலும் தள்ளுவண்டியோ சின்ன பேட்டரி வண்டியோதான். 60 சாக்கைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர்கள் ஒரு வார வேலை கெட்டுவிடும். அவர்களால் எத்தனை எடுக்க முடியும் என்று கேட்டு, அத்தனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து சாக்குதான் முடியும் என்றால் பத்து சாக்குதான். மிச்சம் மணலிலேயே இருக்கட்டும், அடுத்த மாதம் எடுக்கலாம்.

அடுத்து காயலான் கடை. பக்கத்தில் இருக்கிற கடைக்காரரிடம் முன்னதாகப் பேசிவிடுங்கள். தண்ணீர் பாட்டில், உடையாத கண்ணாடி பாட்டில், இரும்பு, தகரம், கெட்டியான பிளாஸ்டிக் இதெல்லாம் அவர் எடுத்துக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, தெர்மாகோல், அறுந்த செருப்பு இதற்கெல்லாம் தலையை ஆட்டிவிடுவார். பளபளவென்று உள்ளே வெள்ளி பூசின பாக்கெட்டுகள் பல அடுக்கு ஒட்டிச் செய்தவை. பிரிக்க முடியாது, அதனால் உருக்கி வேறொன்றாக ஆக்குவதும் கஷ்டம். அவை பெரும்பாலும் குப்பைக் கிடங்குக்குப் போகும், இல்லாவிட்டால் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும். சூளைக்குப் போவதானாலும் உப்பும் மணலும் ஆகாது. ஆகவே சாக்கில் போடுவதற்கு முன் ஒரு உதறு உதறுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஈர மணலோடு கட்டின சாக்கை இரண்டு பேர் சேர்ந்தால்கூடத் தூக்க முடியாது என்பதைத் தூய்மைப் பணியாளர்கள் எங்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆக, பொறுக்கும்போதே நாலு சாக்கு: காயலான் கடைக்கு ஒன்று, விலை போகாத பிளாஸ்டிக்குக்கு ஒன்று, வலை, கயிறுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு அப்புறம் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெயில் ஏறின பிறகு அந்த வேலைக்கு ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

எந்த இடம், எந்த நாள்

200 மீட்டர் போதும். இந்தப் படகிலிருந்து அந்த விளக்குக் கம்பம் வரை என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் அதே துண்டுக்குப் போங்கள். மும்பை வெர்சோவாவில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில் தன் வயதான அண்டை வீட்டுக்காரர் ஒருவரோடு இரண்டே பேராக ஆரம்பித்தார். ஒவ்வொரு வார இறுதியிலும் விடாமல் வந்தார்கள், கூட்டம் தானாகச் சேர்ந்தது. 2016-ல் ஐ.நா. அவருக்குப் பூமியின் காவலர் விருது கொடுத்தது, 2018 மார்ச்சில் அந்தக் கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குப் போனதை ஊரே பார்த்தது. விருதை விடுங்கள், விடாமல் வந்தார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கும் கடற்கரைத் தூய்மை நாள் 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கியது. நம் ஊரில் கடலோரக் காவல்படை அதை நடத்துகிறது. நீங்களும் போங்கள், தப்பில்லை. ஆனால் வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் போகிறவர்களைப் பார்த்தால், சரி, எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

நேரம் காலை ஆறிலிருந்து எட்டு. அதற்குமேல் சித்திரையிலும் முடியாது, மார்கழியிலும் முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அலை மேலே ஏறி இறங்கும், இறங்கும்போது மணலில் ஒரு கோடு விட்டுவிட்டுப் போகும். பாசி, சிப்பி, குச்சியோடு குப்பையும் அந்தக் கோட்டில்தான் கிடக்கும். அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் போனால் கடல் கொண்டுவந்தது எது, மனிதர் உட்கார்ந்து போட்டுவிட்டுப் போனது எது என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம். ஈரக் கோட்டில் கிடப்பது கடலுடையது. மேட்டில், படகு நிழலில், கடை பின்னால் கிடப்பது நம்முடையது. (முதலாவதும் நம்முடையதுதான், சுற்றி வந்திருக்கிறது.)

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய வரத்து. கூவமும் அடையாறும் வருஷம் முழுக்கத் தேக்கி வைத்ததை ஒரே வாரத்தில் கடலில் தள்ளும். ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாகக் கரை ஒதுங்கும், அதற்குள் பாட்டிலும் தெர்மாகோலும் செருகிக்கொண்டு இருக்கும். மழை விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமையை எப்படியாவது ஒதுக்கி வையுங்கள். காணும் பொங்கலுக்கு மறுநாள், பிள்ளையார் கரைத்த மறுநாள் இரண்டும் அப்படியே. அந்த நாட்களில் மாநகராட்சியே ஆட்களை இறக்கும் என்பதால் அவர்கள் போகாத மூலை எது என்று கேட்டு அங்கே போவது புத்திசாலித்தனம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைக் காலம். ராத்திரியில் பங்குனி ஆமை ஏறி வந்து மணலைத் தோண்டி முட்டையிடும், பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். 1988-லிருந்து மாணவர்கள் அமைப்பு ஒன்று சென்னையில் நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறது. வனத்துறையும் பொரிப்பகம் வைத்திருக்கிறது. அந்த மாதங்களில் மண்வெட்டி, முள்வாரி எதுவும் வேண்டாம், மேலே கிடப்பதைக் கையால் எடுத்தால் போதும். பாதி புதைந்த பிளாஸ்டிக் ஷீட்டை இழுக்கும் ஆசை வரும். அது அலைக்கோட்டுக்கு மேல் மணல் மேட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

குப்பத்தில் கேட்காமல் கால் வைக்காதீர்கள்

கடற்கரை பொது இடம் என்று நமக்குத் தோன்றும். அங்கே இருப்பவர்களுக்கு அது வாசல், களம், பட்டறை, வலை காயப்போடும் இடம் எல்லாம். எங்கள் இரண்டாவது முறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, நல்ல பையன், மணலில் கிடந்த வலையைப் பார்த்துக் கைவிடப்பட்ட வலை என்று நினைத்துக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கிச் சாக்கில் அடைத்துவிட்டான். ஆமையைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அவனுக்கு. வலைக்குச் சொந்தக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பேசி, மன்னிப்புக் கேட்டு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டு, எது வலை எது குப்பை என்று ஒரு மணி நேரம் பாடமும் எடுத்தார், அது அந்தப் பணத்துக்கு மேல்.

எனவே ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். என்றைக்குக் கரைவலை இழுப்பார்கள், எங்கே கருவாடு காயும், திருவிழா எப்போது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எந்தக் காற்றில் எந்தப் பக்கத்துக் குப்பை வரும் என்பதும் தெரியும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடல் வடக்கே இருந்து தெற்கே இழுக்கும், கோடையில் தெற்கே இருந்து வடக்கே. ஆற்று முகத்துவாரத்துக்கு எந்தப் பக்கம் உங்கள் 200 மீட்டர் இருக்கிறது என்பதை வைத்து எந்த மாதம் அதிகமாக ஒதுங்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. கழிப்பறை வசதி இல்லாத குப்பங்களில் கரையில் மலம் கிடக்கும். அதைப் பார்த்து மூக்கைப் பொத்துவதோ, போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவதோ செய்தால் அன்றோடு உங்கள் கதை முடிந்தது. முடியவும் வேண்டும்.

பிளாஸ்டிக்கால் முதலில் நஷ்டப்படுவது மீனவர்கள்தான். வலையில் மீனுக்குப் பதில் கவர் வந்தால் டீசல் காசு போச்சு. கேரளத்தில் கொல்லம் பக்கம் நீண்டகரை, சக்திகுளங்கரையில் 2017-ல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். விசைப்படகுகளில் வலையோடு வந்த பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் தட்டிவிடாமல் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள், துறைமுகத்தில் அதைக் கழுவிக் காயவைத்துத் துருவி, தாரோடு கலந்து ரோடு போடக் கொடுத்தார்கள். இந்தத் தார் ரோடு முறையைக் கண்டுபிடித்தவர் நம் மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். உங்கள் ஊரில் ஒரே ஒரு படகுக்காரர் ஒத்துக்கொண்டாலும் போதும், அவருக்கு நாலு சாக்கு கொடுத்து வைத்து வாரம் ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள். கடலுக்குள் இருப்பதை எடுக்க நம்மிடம் இருக்கிற ஒரே வழி அவர்தான்.

கையில் என்னென்ன

ரப்பர் பூசின தோட்டக் கையுறை வாங்குங்கள், துவைத்துத் துவைத்து இரண்டு வருஷம் வரும். மெல்லிசான டாக்டர் கையுறை வேண்டாம், கிழியும், அதுவே குப்பையும் ஆகும். செருப்பு வேண்டாம், ஷூ. மளிகைக் கடையில் காலியான அரிசிச் சாக்கு கேட்டால் கொடுப்பார்கள். அந்த வெள்ளைச் சாக்கும் பிளாஸ்டிக் நூல்தான், வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் நார் நாராக உதிரும், அதனால் கரையில் விட்டுவிட்டு வரக் கூடாது. குடிக்க ஒரு 20 லிட்டர் கேன், வீட்டிலிருந்து டம்ளர். எங்கள் முதல் நாளில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தோம் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஒரு கொக்கித் தராசு, மாவு சலிக்கும் சல்லடை இரண்டு, பக்கெட் ஒன்று, டெட்டால், பஞ்சு.

மூடி போட்ட தகர டப்பா ஒன்று கட்டாயம். ஊசி, சிரிஞ்ச், பிளேடு, உடைந்த கண்ணாடி இதெல்லாம் சாக்கில் போகக் கூடாது. அந்தச் சாக்கைத் தோளில் தூக்கப் போவது நீங்கள் இல்லை. டப்பாவை யார் எடுக்கலாம், பெரியவர் ஒருவர் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் கண்டால் தொடாமல் கூப்பிட வேண்டும்.

தெரியாத டிரம், சிலிண்டர், தீப்பந்தம் மாதிரியான குழாய் எதுவானாலும் தள்ளி நின்று 112-க்கோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ சொல்லுங்கள். செத்த ஆமை ஒதுங்கியிருந்தால் வனத்துறைக்கு. பாசியையும் சிப்பியையும் கட்டையையும் எடுக்காதீர்கள், அது குப்பை இல்லை. மணலை இழுத்துப் பிடித்திருக்கும் அடும்புக் கொடியையும் இராவணன் மீசையையும் "சுத்தம்" செய்கிற ஆர்வக்கோளாறு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்கு வரும், அவரைக் கண்டுபிடித்து எழுதுகிற வேலை கொடுத்துவிடுங்கள்.

எழுதுகிற வேலை என்றால்

பொறுக்குவதைவிட இதுதான் பெரிய வேலை என்பது என் கட்சி. 200 மீட்டரில் ஒரு 100 மீட்டரை மட்டும் எடுத்து, அதில் கிடைப்பதை எண்ணுங்கள். டீ கப் இத்தனை, ஸ்ட்ரா இத்தனை, மூடி இத்தனை, சாஷே இத்தனை, காது குடையும் குச்சி இத்தனை, தங்கூசி என்கிற மீன்பிடி நைலான் நரம்புத் துண்டு இத்தனை. ஒரு தாளில் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டால் போதும், ஆப் எல்லாம் வேண்டாம், ஈரக் கையில் போன் வேலை செய்யாது. சாக்கின் எடையும் எழுதுங்கள், ஆனால் எடையை ரொம்ப நம்பாதீர்கள், ஈர வலை ஒன்று ஆயிரம் சாஷேவைவிடக் கனக்கும்.

நாலு மாதத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குப்பை எங்கே இருந்து வருகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். எங்கள் தாளில் பாட்டில் முதலிடம் இல்லை, அதைப் பொறுக்கி விற்கிறவர்கள் விடியற்காலையிலேயே வந்து எடுத்துவிடுகிறார்கள். காசு உள்ள பொருள் கரையில் தங்காது. நீலகிரியில் 2022-லிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, அதே கணக்குதான். தங்குவது காசில்லாத பொருள்: கப், சாஷே, குச்சி.

காது குடையும் குச்சியை யாரும் கடற்கரையில் உட்கார்ந்து காது குடைந்துவிட்டுப் போடவில்லை. வீட்டுக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியது, சாக்கடை வழியாக, ஆறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அபார்ட்மெண்ட் கூட்டத்தில் பேசினால் எடுபடும், பேசிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டீ கப் என்றால் கரையிலேயே இருக்கும் நாலு கடை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப், ஸ்ட்ரா, கேரி பேக் உட்பட 14 வகைக்குத் தடை, 2022 ஜூலை 1-லிருந்து நாடு முழுக்கவும் பலவற்றுக்குத் தடை. சட்டத்தைக் காட்டி மிரட்டினால் கப் கொஞ்ச நாள் மேஜைக்கு அடியில் போகும், அவ்வளவுதான். நாங்கள் செய்தது, பழைய பாத்திரக் கடையில் கண்ணாடி டம்ளர் வாங்கி இரண்டு கடைக்குக் கொடுத்து, கழுவத் தண்ணீர் எங்கே இருந்து வரும் என்பதையும் சேர்த்துப் பேசினோம். ஒரு கடை இன்னும் டம்ளரில்தான் கொடுக்கிறது. இன்னொன்று திரும்பக் கப்புக்குப் போய்விட்டது, தண்ணீர்ப் பிரச்சினை. சாஷேவுக்கு நம்மால் கடை அளவில் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கம்பெனிப் பெயர் எத்தனை என்று எண்ணி, அந்தத் தாளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம். விற்ற பிளாஸ்டிக்குக்குத் தயாரிப்பாளரும் பொறுப்பு என்று 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன உருண்டை

பயறு அளவில், சில சமயம் பயறைவிடச் சின்னதாக, வெள்ளையாக பிளாஸ்டிக் உருண்டைகள் மணலில் கிடக்கும். பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஆலைக்குப் போகிற மூலப்பொருள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது இலங்கையின் மேற்குக் கரை இதனால் பனி பெய்தது போல ஆனது. 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியபோது திருவனந்தபுரம் கரையில் மூட்டை மூட்டையாக ஒதுங்கியது. அள்ள முயன்றால் உருண்டையைவிட மணல்தான் அதிகம் வரும். அலைக்கோட்டில் மேலாக இருக்கும் மணலை மட்டும் சுரண்டி, தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் கொட்டிக் கலக்குங்கள். மணல் அடியில் தங்கும், உருண்டை மிதக்கும், சல்லடையால் அரித்து எடுத்துவிடலாம். தண்ணீரை அதே இடத்தில் மணலிலேயே ஊற்றுங்கள். கப்பல் விபத்தை ஒட்டி நிறைய ஒதுங்கினால் நீங்களாக இறங்காதீர்கள், கூடவே ரசாயனம் ஏதாவது இருக்கலாம், அரசு சொல்லும் வரை பொறுங்கள்.

ஆள் சேர்ப்பது பற்றிக் கேட்பீர்கள். மாதா மாதம் வருகிற ஆறு பேர் போதும், நாற்பது பேர் வந்தால் ஆறு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்களை அந்த ஆறு பேர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பனியன் அடிக்காதீர்கள், அந்தக் காசில் தராசு வாங்கலாம்.

எட்டு மணிக்கு நிறுத்துங்கள், கையைக் கழுவுங்கள், தாளைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுங்கள், ஓட்டுநருக்குப் போன் போடுங்கள். இரண்டு பேர் சாக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். வண்டி கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் இட்லி.